பத்லி மஸ்டர்

1974இல் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்த கோயமுத்தூர் நூற்பாலையில் ஆள் வருகையைப் பதிய இரண்டு மஸ்டர்கள் இருந்தன. நிரந்தரத் தொழிலாளர்களின் மஸ்டர் கெட்டி அட்டை போட்டு, முதுகில் காலிகோ துணி ஒட்டி, வருடா வருடம் அச்சகத்திலிருந்து புதிதாக வரும். பத்லிகளின் மஸ்டர் வெறும் கோடு போட்ட தாள்கள். மாதக் கடைசியில் அவற்றைக் கோணி ஊசியால் தைத்து, சணல் கட்டி, மூலையில் போட்டுவிடுவோம். அந்தத் தாளிலிருந்து இந்த அட்டைக்கு ஒருவர் பெயர் மாற ஆறேழு ஆண்டுகள் பிடிக்கும். பத்து ஆண்டுகள் காத்தவர்களும் இருந்தார்கள்.

நிரந்தரத் தொழிலாளி ஒருவர் வராத நாளில் அவருடைய மிஷினில் நிற்பவர்தான் பத்லி. ஷிப்டு தொடங்க அரை மணி நேரத்துக்கு முன்பே கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார்கள். உள்ளே எங்கெங்கே ஆள் குறைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மேஸ்திரி வருவார், பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிடப்படாதவர்கள் எதிர்த்த டீக்கடைக்குப் போய் உட்கார்ந்திருந்து அடுத்த ஷிப்டுக்கு மறுபடி வந்து நிற்பார்கள். ஒண்டிப்புதூர், இருகூர், நீலிக்கோணாம்பாளையம் என்று சுற்றுப்புறத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள். முழு நைட்டுக்கு வந்து வேலை கிடைக்காமல் திரும்புவதுதான் கொடுமை. நடு ராத்திரியில் வீட்டுக் கதவைத் தட்ட வெட்கப்பட்டுக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் படுத்திருந்து விடிந்த பிறகு வீட்டுக்குப் போனதாக ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். வேலை பார்த்து வந்ததாகவே வீட்டில் நினைத்திருப்பார்கள்.

அவர் டோக்கன் நம்பர் 114. டைம் ஆபீஸ்காரனுக்கு முகத்துக்கு முன்னால் எண்தான் ஞாபகம் வரும். இங்கேயும் அப்படியே எழுதிவிடுகிறேன். மில்லின் பெயரும் வேண்டாம். நடத்தியவர்களின் பிள்ளைகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், கல்யாண வீடுகளில் எதிர்ப்படுகிறோம்.

114 ஸ்பின்னிங்கில் சைடர், ரிங் பிரேமில் அறுந்த இழையை ஒட்டுபவர். 1967இல் பதினெட்டு வயதில் பத்லியாக வந்து நின்றவர், 1975இல் பெர்மனென்ட் ஆனார். பெயரைக் கெட்டி அட்டை மஸ்டரில் நான்தான் ஏற்றினேன். பித்தளை டோக்கனைக் கையில் கொடுத்தபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது தொலஞ்சா வேற தருவீங்களா சார்?” என்று கேட்டார். தொலைத்தால் சம்பளத்தில் பிடிப்போம் என்றேன். அடுத்த இருபத்து நான்கு ஆண்டுகளில் அவர் அதைத் தொலைக்கவில்லை.

கோயமுத்தூரில் அந்த டோக்கன் என்னென்ன வாங்கித் தந்தது என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். மளிகைக்கடையில் மாதக் கணக்கு திறக்கும். “மாப்பிள்ளை மில்லுல பெர்மனென்ட்டுங்க” என்ற ஒரு வாக்கியத்தில் பெண் பார்க்கும் படலம் பாதி முடிந்துவிடும். உடம்புக்கு முடியாவிட்டால் ஈ.எஸ்.ஐ. இருந்தது, தமிழகத்தில் அத்திட்டம் 1955இல் முதலில் வந்ததே எங்கள் ஊருக்குத்தான். தீபாவளிக்கு முன் போனஸ் பட்டுவாடா ஆகும் அன்று ஒப்பணக்கார வீதியில் நடக்க இடமிருக்காது. கடன் கொடுத்தவர்கள் மில் கேட்டிலேயே நிற்பார்கள். மில் கூட்டுறவு சொசைட்டியில் கடன் வாங்கி, பாக்கியை அடைத்து, மறு வாரம் மறுபடி கடன் வாங்குவார்கள். மாதம் தவறாமல் சம்பளம் வரும் என்ற நம்பிக்கையில்தான் இத்தனையும் சுழன்றது.

இந்த நிரந்தரத்துக்குக் கொடுத்த விலை காத்திருப்பு மட்டும் இல்லை. எண்பதுகளில் ஊர் வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் வீட்டுக்கு வீடு லேத் பட்டறை. மோட்டார் பம்பும் வெட் கிரைண்டரும் ஊரெல்லாம் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் திருப்பூரில் பனியன் கம்பெனிகள் ஏற்றுமதி ஆர்டர் பிடிக்க ஆரம்பித்திருந்தன. 114இன் மச்சான் பட்டறை ஒன்று போட்டுவிட்டு, கூட வந்து சேரச் சொல்லி நச்சரித்தார். பங்கு தருவதாகவும் சொன்னார். இவர் போகவில்லை. “மாசம் பொறந்தாக் கைக்கு வரோணுமுங் சார். அவுனுக்கு ஆர்டர் இருந்தாச் சோறு, இல்லாட்டிப் பட்டினி. மூணு பொட்டப் புள்ளைங்கள வெச்சுக்கிட்டு நான் அந்த ஆட்டம் ஆட முடியுங்களா?” என்றார்.

இப்படிப்பட்டவர்களைப் பயந்தாங்கொள்ளிகள், சுகம் கண்டவர்கள் என்று பிற்பாடு பத்திரிகைகளில் எழுதியதைப் படித்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பட்டறை போட்டவர்களில் கார் வாங்கியவர்களும் உண்டு, வட்டிக்குப் பயந்து லேத்தை இரவோடு இரவாக விற்றவர்களும் உண்டு. 114 இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுத்தார். கூடுதலாக வரக்கூடியதை விட்டுக்கொடுத்து, நிச்சயமாக வருவதை வாங்கினார். அது ஒரு வியாபாரம். எதிர்த் தரப்பும் தன் சொல்லைக் காப்பாற்றும் என்று நம்பிச் செய்த வியாபாரம்.

அந்த நம்பிக்கைக்குச் சட்டமும் துணை இருந்தது. தொழிற்தகராறு சட்டத்தில் 1976இல் ஒரு திருத்தம் வந்தது. முந்நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் அரசாங்க அனுமதி இல்லாமல் ஆட்குறைப்புச் செய்யவோ மூடவோ கூடாது என்றானது. 1984 முதல் அந்த வரம்பு நூறு பேராகக் குறைந்தது. இருபத்து நான்கு மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981இல் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்றும் வந்தது. சங்க ஆபீசில், 1946 ஜனவரியில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரின் படத்துக்குக் கீழே உட்கார்ந்து சங்கத் தலைவர் இவற்றை விளக்குவார். கேட் மீட்டிங்கில், “கவர்மென்ட் பர்மிஷன் இல்லாம ஒருத்தரக்கூட வெளிய அனுப்ப முடியாது” என்று முழங்குவார். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் தொழிலாளியே எழுதிக் கொடுத்துவிட்டால் யாருடைய அனுமதியும் தேவையில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் சரிவு ஆரம்பித்தது. எங்கள் ரிங் பிரேம்கள் கிழடாகிவிட்டன. உடுமலை, திண்டுக்கல் பக்கம் புதிதாக எழும்பிய மில்களில் அதே நூலை எங்களிடம் இருந்ததில் நான்கில் ஒரு பங்கு ஆளை வைத்து ஓட்டினார்கள். அந்த ஆட்களும் ஹாஸ்டலில் தங்க வைக்கப்பட்ட இளம் பெண்கள். மூன்று வருடம் முடித்தால் கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை என்று பேசி அழைத்துவரப்பட்டவர்கள். எங்களிடம் முதலில் மூடியது ரீலிங். அங்கேதான் எங்கள் மில்லின் பெண்கள் இருந்தார்கள். ராத்திரி ஷிப்டில் பெண்களை வைக்கக் கூடாது என்று பேக்டரி சட்டம் இருந்ததால் வேறு டிபார்ட்மென்டுக்கு மாற்றவும் முடியாது என்றார்கள். 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியபோது ரீலிங் பெண்கள் வீட்டுக்குப் போய் நாளாகியிருந்தது. அவர்களில் ஒருத்தியின் மகள் ஹாஸ்டல் மில் ஒன்றில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து பஞ்சு இல்லை என்றார்கள். கரண்ட் பில் பாக்கி என்றார்கள். லே-ஆஃப் வந்தது. லே-ஆஃப் நாளுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைக்கும். ஆனால் தினமும் குறித்த நேரத்தில் வந்து ஆஜர் கொடுக்க வேண்டும்; வராவிட்டால் அந்தப் பாதியும் இல்லை. அந்த மஸ்டரைக் கேட்டிலேயே ஒரு ஸ்டூல் போட்டு வைத்துக்கொண்டு நான் கையெழுத்து வாங்கினேன். இருபது, இருபத்தைந்து வருட சர்வீஸ்காரர்கள் வரிசையில் நின்றார்கள். பத்லிகளாக அவர்கள் நின்ற அதே இடம். இந்த முறை கூப்பிட மேஸ்திரி வரவில்லை. மேஸ்திரியும் வரிசையில்தான் நின்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு உடனே போக மாட்டார்கள். மதியம் வரை மதிலோரம் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். சீக்கிரம் வீட்டுக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரர் கேள்வி கேட்பார்.

1999இல் நோட்டீஸ் போர்டில் விருப்ப ஓய்வுத் திட்டம் ஒட்டினார்கள். லேபர் ஆபீசர் முன்னிலையில் பேச்சுவார்த்தை ஆரம்பித்தது. தொழிற்தகராறு சட்டத்தின் ‘பன்னெண்டு மூணு’ பிரிவில் ஒப்பந்தம் போட்டால் எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்பதால், ஒரு நாள் சம்பளத்துக்குக்கூட இரண்டு தரப்பும் மல்லுக்கு நின்றன. கிராஜுவிட்டி சட்டப்படி வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். அதற்கு மேல் வருடத்துக்கு முப்பது நாள் என்று முடிவானது. பெரிய சண்டை வந்தது வேறு இடத்தில்: வருடம் எங்கிருந்து தொடங்குகிறது?

நிர்வாகம் பெர்மனென்ட் ஆன தேதியிலிருந்து என்றது. சங்கம் பத்லியாக முதல் நாள் உள்ளே வந்ததிலிருந்து என்றது. பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது ஒரு வருடத் தொடர் சர்வீஸ் என்று சட்டம் சொல்கிறது. அந்த 240 நாளைக் காட்ட ஆதாரம் எங்கே? வேஸ்ட் காட்டன் கோடவுனில் சணல் கட்டிக் கிடந்த பத்லி மஸ்டர்கள்தான் ஆதாரம். அவற்றை இழுத்துப் போட்டுத் தூசி தட்டி எண்ணும் வேலை என் தலையில் விழுந்தது. கரையான் அரித்தது போக, எலி கடித்தது போக மிச்சத்தை எண்ணினோம். 1969ஆம் வருடத்துக் கட்டு கிடைக்கவே இல்லை. அந்த வருடம் பத்லியாக இருந்தவர்கள் பழைய ஈ.எஸ்.ஐ. அட்டையையும் பி.எஃப். சீட்டையும் டிரங்குப் பெட்டியிலிருந்து தேடி எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் தன் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். அதில் பெயருக்குப் பக்கத்தில் மில் பெயர் போட்டிருந்தது. அதை ஆதாரமாக எடுக்க முடியாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியில் பேரம் படிந்தது. இரண்டு பத்லி வருடத்துக்கு ஒரு வருடம்.

பிறகு ஒவ்வொருவராக என் மேஜைக்கு வந்தார்கள். 114க்கு அப்போது ஐம்பது வயது. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 3,900 ரூபாய். இருபத்தாறால் வகுத்தால் நாளுக்கு 150. பெர்மனென்டாக இருபத்து நான்கு வருடம், பத்லியாக எட்டு வருடம் பாதியாகி நான்கு, ஆக இருபத்தெட்டு. கிராஜுவிட்டி 63,000. விருப்ப ஓய்வுத் தொகை 1,26,000. மொத்தம் 1,89,000. பி.எஃப். தனி. கிராஜுவிட்டியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சட்டம். மற்றதில் சொசைட்டிக் கடன், பண்டிகை அட்வான்ஸ் பிடித்தம் போகும்.

பெரும்பாலானோர் தொகையைக் கேட்டதும் ஒரு கணம் வாயடைத்துப் போவார்கள். லட்சம் என்ற எண் தங்கள் பெயருக்கு நேரே வருவதை முதல் தடவையாகப் பார்க்கிறார்கள். 114 அப்படி ஆகவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மனக்கணக்குப் போட்டார். “நாலு வருசச் சம்பளமுங். அம்பத்தெட்டுக்கு எட்டு வருசம் கெடக்குது. பேங்குல போட்டா மாசம் ஆயிரத்தைநூறு, ஆயிரத்தறுநூறு வட்டி வருமா?” அப்போது பத்து சதவீதம் வட்டி இருந்தது; அவர் சொன்னது சரிதான். பென்ஷன் என்ன வரும் என்று கேட்டார். குடும்ப ஓய்வூதியத் திட்டத்துக்குப் பதிலாக 1995 நவம்பரில் வந்த புதிய திட்டத்தில் ஐம்பத்தெட்டில் சில நூறு ரூபாய் வரும், இப்போதே வேண்டுமென்றால் இன்னும் குறையும் என்றேன். குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்று ஆனது 2014இல்தான்.

விருப்ப ஓய்வுப் பாரத்தைக் கையில் எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டு மறுபடி மேஜையில் வைத்தார். “வேல செஞ்சதுக்குக் கணக்குப் போட்டுட்டீங் சார். காத்துக் கெடந்ததுக்குப் பாதிதானுங்களா?” என்றார். நான் ஒப்பந்தத்தைக் காட்டினேன். அவர் எழுந்து போய்விட்டார். கையெழுத்துப் போடவில்லை.

போட்டவர்கள்தான் அதிகம். பணம் மூன்று தவணையாக வந்தது. மூன்றாவது செக் இரண்டு முறை திரும்பி, பிறகுதான் பணமானது. மகள் கல்யாணம், வீட்டுக்கு மேல் ஒரு தளம், மகனுக்கு ஆட்டோ என்று பெரும்பகுதி ஒரே வருடத்தில் கரைந்தது. தமிழ்நாடெங்கும் நிதி நிறுவனங்கள் கவிழ்ந்துகொண்டிருந்த காலம் அது. இரண்டு சதவீத மாத வட்டிக்கு ஆசைப்பட்டவர்கள் எங்களிலும் இருந்தார்கள். எல்லா வலையிலும் தப்பித்து மிச்சம் பிடித்த கார்டிங் மேஸ்திரி ஒருவர் 2012இல் ஈமு கோழிப் பண்ணை முதலீட்டில் போய் விழுந்தார். அவரைப் பார்த்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் வரும், வருத்தமும் வரும்.

வேறு மில்லுக்குப் போகலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. நாற்பதைத் தாண்டியவர்களை யாரும் எடுப்பதில்லை. ஓடும் பிரேமில் எங்கே இழை அறுந்திருக்கிறது என்று முப்பதடி தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கும் கண்ணுக்கு மில்லுக்கு வெளியே ஒரு பைசா விலை கிடையாது. நெஞ்சில் பஞ்சுத் தூசியும் காதில் பாதிக் கேள்வியுமாக அவர்கள் சந்தைக்கு வந்தார்கள். ஈ.எஸ்.ஐ. அட்டையும் செல்லாமல் போனது. என்.டி.சி. மில்காரர்களைப் பார்த்து எங்கள் ஆட்கள் பொறாமைப்படுவார்கள்: 1974இல் தேசியமயமானவை, கவர்மென்ட் வேலை, அசைக்க முடியாது. அந்த மில்களும் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. அதற்குப் பிறகு பழையபடி ஓடவில்லை.

114 எங்கள் ஊர் ராமநாதபுரம் பக்கம் ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேனாகப் போனார். ஒரு முறை வழியில் பார்த்தேன். வேலை எப்படி என்று கேட்டேன். மெதுவாகப் பேசச் சொல்லி அங்கே கண்டிக்கிறார்களாம். முப்பது வருடம் ரிங் பிரேம் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அவர் “குட் மார்னிங்” சொன்னால் இரண்டாவது மாடிக் குழந்தை எழுந்துவிடுகிறது என்று புகார். வீட்டில் வேறொரு தொல்லை. வாரம் ஒரு ஷிப்டாக மாறி மாறி உழைத்த உடம்பு, வேலை நின்ற பிறகும் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ராத்திரி முழுக்க விழித்துக்கொண்டதாம். “ஊட்டுக்காரி கோயிலுக்குப் போயிக் கயிறு மந்திரிச்சுக் கட்டியுட்டா. இது பேயில்லடி, முழு நைட்டுன்னு சொன்னேன்” என்று அவரே சிரித்தார். நைட் ஷிப்டு வாட்ச்மேன் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

கையெழுத்துப் போடாதவர்கள் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். மில் ஒரேயடியாக நின்று, உயர் நீதிமன்றம் கலைப்புக்கு உத்தரவிட்டு, எல்லாம் அபிஷியல் லிக்விடேட்டர் கைக்குப் போனது. கம்பெனிச் சட்டத்தில் 1985இல் சேர்த்த ஒரு பிரிவின்படி, அடமானம் வைத்துக் கடன் கொடுத்த பேங்குகளோடு சம வரிசையில் தொழிலாளர்களின் பாக்கியும் நிற்க வேண்டும் என்று அப்போது இருந்தது. சம வரிசை என்பது உண்மைதான். வரிசை நகர்வதற்கு முதலில் நிலம் விற்க வேண்டுமே. மிஷின்களை எடைக்கு எடுத்துப் போனார்கள். நிலத்துக்கு ஏலம் இரண்டு முறை ஒத்திப்போனது. நான் அதற்குள் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கெழுதப் போயிருந்தேன்.

2009இல் நிலப் பணம் பிரித்துக் கொடுக்கப்பட்டபோது பழைய மஸ்டர் தெரிந்த ஆள் என்று சங்கத்துக்காரர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். கோரிக்கைப் பாரங்களை நிரப்பிக் கொடுத்தேன். வந்தவர்களில் பாதிப் பேர் விதவைகள், கையில் தாசில்தார் ஆபீஸ் வாரிசுச் சான்று. 114இன் மனைவியும் வந்திருந்தார். 114 இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. 1999இல் கையெழுத்துப் போட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதை விடக் குறைவான தொகை. ஏனென்றால் இங்கே விருப்ப ஓய்வின் முப்பது நாள் இல்லை, சட்டப்படியான பதினைந்து நாள் இழப்பீடுதான். ஆனால் சங்கம் ஒன்றைச் சாதித்திருந்தது: 240 நாள் நிரூபித்த பத்லி வருடங்களை முழு வருடமாக எடுத்துக்கொண்டார்கள். 1969 கட்டு இல்லாததால் அவருக்கு ஏழு வருடம் சேர்ந்தது.

அந்த அம்மாளிடம் கணக்கை மெதுவாக விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சொசைட்டிக் கடன் எட்டாயிரம் பாக்கின்னு சொல்லிட்டே இருந்தாருங்க. அதப் பிடிச்சுக்குவாங்களா?” என்றார்.

சொசைட்டியையே கலைத்துவிட்டார்கள், கேட்க ஆளில்லை என்றேன்.

“அட, அது தெரியாம ரெண்டு வருசம் மருகுனாரே மனுசன்” என்று சொல்லிவிட்டு, பேங்க் பாஸ்புக் ஜெராக்ஸ் எத்தனை காப்பி வேண்டும் என்று கேட்டார்.